வளர்த்த குற்றத்துக்கு ஒரு கடிதம்

என்னைத் தவறாக வளர்த்துவிட்டதற்காக என் அம்மா சபைக்கு மன்னிப்புக் கடிதம் கொடுக்க வேண்டியிருந்தது. அந்தக் கடிதத்தை எழுதித் தரும்படி அவள் கேட்டது என்னிடம்தான். வேறு யாரிடம் கேட்பாள்? மின் இணைப்புக்குப் பெயர் மாற்றம், அப்பாவின் இறப்புச் சான்றிதழ், ரேஷன் அட்டைத் திருத்தம் என்று எங்கள் வீட்டு மனுக்கள் எல்லாவற்றையும் பதினைந்து வயதிலிருந்து நான்தான் எழுதுகிறேன். இதுவும் அம்மாவுக்கு இன்னொரு மனு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்துவிட்டு, நான்கு வெள்ளைத் தாள்களைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள்.

"இங்கனயே எழுதிருவியா, இல்ல வீட்டுக்குக் கொண்டுபோயி டைப் அடிச்சிட்டு வாரியா பாப்பா?"

"என்னன்னு எழுத?"

"உன்னய ஒழுங்கா வளக்கலன்னு."

கேலியே இல்லாமல் சொன்னாள். தாளின் நான்கு முனைகளையும் நேராக்கிக்கொண்டே சொன்னாள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

நடந்தது இவ்வளவுதான். அதற்குப் பதினோரு மாதங்களுக்கு முன்னால் நான் பதிவுத் திருமணம் செய்துகொண்டேன். கணவர் மல்லாங்கிணறு பக்கம். மழையை நம்பி உளுந்தும் பருத்தியும் போடுகிற இந்துக் குடும்பம். அவர் மதம் மாறவில்லை, நான் கேட்கவும் இல்லை. அவருடைய அம்மா என்னிடம், "கோயிலுக்கு வருவியாத்தா?" என்றார். "வருவேன் அத்தை, கும்பிட மாட்டேன்" என்றேன். "சரி, பொங்கப் பானைய தூக்கவாவது ஆளாச்சு" என்றார். அந்த வீட்டில் பேச்சு அத்தோடு முடிந்தது. என் சபையில் பதினோரு மாதமாக முடியவில்லை.

சபை ஏட்டிலிருந்து என் பெயரை எடுத்துவிட்டார்கள். அது எனக்குப் புரிகிறது. முடிவு என்னுடையது, விளைவும் என்னுடையது. எனக்கு அப்போது இருபத்தெட்டு வயது. அதில் பத்து வருடம் சொந்தமாகச் சம்பாதித்தவள். ஆனால் அவர்கள் அதை என்னோடு நிறுத்தவில்லை. பிள்ளை விசுவாசத்துக்கு வெளியே கல்யாணம் செய்தால் பெற்றவருக்கு அப்பமும் ரசமும் வாங்கும் திருவிருந்து கிடையாது. சபையில் எந்தப் பொறுப்பும் கிடையாது. வளர்ப்பில் தவறிவிட்டேன் என்று ஆராதனையில் எழுந்து நின்று கடிதம் வாசித்தால் திரும்பச் சேர்த்துக்கொள்வார்கள். இது எந்த விதியில் இருக்கிறது, காட்டுங்கள் என்று சபைச் செயலாளரிடம் கேட்டேன். "காலகாலமா உள்ளதுதான" என்றார். நான் வேலை பார்ப்பது தொழிற்சாலைப் பாதுகாப்பில். எனக்குத் தெரிந்த விதிகளுக்கெல்லாம் எண் உண்டு, உட்பிரிவு உண்டு, மீறினால் யார் பொறுப்பு என்று ஒரு வரி உண்டு. இதற்கு இருந்ததெல்லாம் அந்த 'காலகாலமா' மட்டும்தான்.

எங்கள் சபைக் கோயில் சாத்தூருக்கும் சிவகாசிக்கும் நடுவில், நெடுஞ்சாலையை விட்டு உள்ளே தள்ளி இருக்கிறது. மாதத்தின் முதல் ஞாயிறு திருவிருந்து. வரிசை வரிசையாக எழுந்து முன்னால் போய் முழங்காலிடுவார்கள். அம்மா மூன்றாவது வரிசையில், நடைபாதை ஓரத்தில் உட்காருகிறவள். அப்பா இருந்த நாளிலிருந்து அதுதான் அவளுடைய இடம். தடை வந்த பிறகும் அங்கேதான் உட்கார்ந்தாள். அவள் எழுந்திருக்க முடியாது. உள்ளே இருக்கும் ஏழு பேர் அவளுடைய முழங்காலைத் தாண்டித்தான் போக வேண்டும், அதே வழியில் திரும்பி வரவும் வேண்டும். ஒவ்வொருவருக்கும் அவள் காலைத் திருப்பி இடம் கொடுப்பாள். சிலர் "மன்னிச்சுக்கோங்க டீச்சர்" என்பார்கள். சிலர் பேசாமல் சேலையை இடுக்கிக்கொண்டு தாண்டுவார்கள்.

"பின்னால போயி உக்காரேன்மா" என்று ஒருமுறை சொன்னேன்.

"பந்தி இல்லன்னா பாயுமா இல்ல?" என்றாள்.

அவளை எல்லோரும் டீச்சர் என்பார்கள். அவள் பள்ளிக்கூட டீச்சர் இல்லை. முப்பது வருடம் பட்டாசுக் கம்பெனியில் திரி வேலை பார்த்தவள், எட்டாவது வரை படித்தவள். கோயிலில் ஞாயிறுதோறும் நடக்கும் ஓய்வுநாள் பள்ளியில் சின்னப் பிள்ளைகள் வகுப்பு அவளுடையது. இன்றைக்குச் சபைக் கமிட்டியில் உட்கார்ந்து அவளைத் தள்ளி வைத்தவர்களில் இருவர் அவளிடம் வசனம் சொல்லிப் படித்தவர்கள். வகுப்பை இப்போது செயலாளருடைய மருமகள் எடுக்கிறார். போனைப் பார்த்துக் கதையை வாசித்துவிட்டு, பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்து அனுப்பிவிடுகிறார்.

சரி, வளர்ப்பு என்கிறார்களே, அதைப் பார்ப்போம்.

ஆறு மணிக்குக் கம்பெனி வேனிலிருந்து இறங்குவாள். கை முழுக்க அலுமினியப் பொடி, சோப்புப் போட்டாலும் நகக்கண்ணில் வெள்ளி போகாது. அந்தக் கையோடு ஏழு மணிக்கு ஜெபம். ஜெபத்துக்கு ஒரு நோட்டு உண்டு. யாருக்காக, எதற்காக என்று வரிசையாக எழுதி, கிடைத்ததற்கு எதிரே கோடு போடுவாள். எதையும் வரிசை போட்டு எழுதும் பழக்கம் எனக்கு வந்தது டிப்ளமோவில் இல்லை, அந்த நோட்டில்.

ஏழாவது படிக்கும்போது ஓய்வுநாள் பள்ளியில் மனப்பாட வசனப் போட்டி நடந்தது. இடது உள்ளங்கையில் வசனங்களின் முதல் எழுத்துகளைப் பேனாவால் எழுதிக்கொண்டு போய் முதல் பரிசு வாங்கினேன். எவர்சில்வர் டிபன் டப்பா. அன்று சாயங்காலம் நான் சோற்றைப் பிசைந்து சாப்பிட்டேன்; இடது கையை மடக்கியே வைத்திருந்தேன். அம்மா அதைப் பார்த்துவிட்டாள். அடிக்கவில்லை. அடுத்த ஞாயிறு வகுப்பில் எல்லோர் முன்னாலும் டப்பாவைக் கொண்டுபோய் மேசையில் வைக்கச் சொன்னாள். "எழுதி வச்சுப் பாத்தேன்னு சொல்லு" என்றாள். சொன்னேன். இரண்டாவதாக வந்த பையனிடம் டப்பாவை என் கையாலேயே கொடுக்க வைத்தாள். ஒரு மாதம் நான் அவளோடு பேசவில்லை. அவளும் கெஞ்சவில்லை.

பிறகு வருடங்கள் போகப் போக அவள் கேட்கும் கேள்விகள் குறைந்துகொண்டே வந்தன. பத்து வயதில், ஜெபம் பண்ணியா, என்ன ஜெபம் பண்ணினே, யாருக்காக என்று மூன்று கேள்வி. பதினைந்தில், ஜெபம் பண்ணியா என்று ஒன்று மட்டும். விருதுநகரில் ஹாஸ்டலில் இருந்தபோது, கோயிலுக்குப் போனியா. வேலைக்குப் போன பிறகு, சாப்டியா. அவ்வளவுதான். அவள் களைத்துவிட்டாள் என்று நினைத்தேன். ஒருநாள் நோட்டைத் திருப்பிப் பார்த்தபோது என் பெயர் எல்லாப் பக்கத்திலும் முதல் வரியில் இருந்தது. என்னிடம் கேட்பதை நிறுத்திவிட்டு கர்த்தரிடம் கேட்கத் தொடங்கியிருக்கிறாள். கல்யாணத்துக்கு முந்தின வாரப் பக்கத்தில் என் கணவரின் பெயரும் இருந்தது. அவள் என் கல்யாணத்துக்குச் சந்தோஷப்படவில்லை, பதிவு அலுவலகத்துக்கு வரவும் இல்லை. ஆனால் பெயரை எழுதியிருந்தாள்.

இதில் தவறிய இடம் எது என்று கமிட்டியில் யாராவது எனக்குச் சொல்ல வேண்டும்.

இனி செயலாளர். அவர் சிறியதாக ஒரு பட்டாசுக் கம்பெனி வைத்திருக்கிறார். டிப்ளமோ முடித்ததும் என் முதல் வேலை அங்கேதான். அம்மா கோயில் வாசலில் நின்று கேட்டு வாங்கிக் கொடுத்த வேலை. நான் சேர்ந்த இரண்டாவது வருட சீசனில், ஆர்டர் நெருக்கத்தில், வெடிமருந்து செலுத்தும் அறை ஒன்று வெடித்தது. நான்கு பேர் வேலை செய்யலாம் என்று கதவில் எழுதிய அறை. உள்ளே ஒன்பது பேர் இருந்தார்கள். மூன்று பெண்கள் இறந்தார்கள். கம்பெனி அனுப்ப வேண்டிய அறிக்கையை நான் தயாரித்தேன். 'காரணம்' என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று அவரிடம் கேட்டேன். "தொழிலாளியின் கவனக்குறைவு. வேற என்னத்த எழுத? எல்லாரும் அதத்தான எழுதுதாக" என்றார். எழுதினேன். தயாரித்தவர் என்ற இடத்தில் கையெழுத்தும் போட்டேன். எனக்கு அப்போது இருபது வயது. அதைச் சாக்காகச் சொல்லவில்லை, வயதைச் சொல்கிறேன். அடுத்த வருடம் அந்த வேலையை விட்டேன்.

வெடி விபத்துக்கு அடுத்த முதல் ஞாயிறே அவர் திருவிருந்து எடுத்தார். அதற்கடுத்த மாதமும். ஒன்பது பேரை உள்ளே விட்டதற்கு அவரிடம் யாரும் கடிதம் கேட்கவில்லை. சபை யாரிடம் கடிதம் கேட்டது என்று நான் ஒரு பட்டியல் போட்டுப் பார்த்திருக்கிறேன். மகன் வேறு மதத்துப் பெண்ணைக் கூட்டி வந்த தையல்காரர். மகள் இந்துப் பையனோடு போய்விட்ட தீப்பெட்டிக் கம்பெனித் தொழிலாளி. விதவையான என் அம்மா. கேட்காதவர்களின் பட்டியலும் என்னிடம் இருக்கிறது. அது நீளம்.

கடிதத்துக்கு வருகிறேன். முதல் பிரதியில் நடந்ததை மட்டும் எழுதினேன். என் மகள் இந்தத் தேதியில் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். அதற்கு நான் சம்மதிக்கவில்லை. அவள் வயது வந்தவள். என்னைத் திரும்பத் திருவிருந்தில் சேர்த்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன். அம்மா கையெழுத்துப் போட்டுக் கொடுத்தனுப்பினாள். மறுநாள் செயலாளர் எனக்குப் போன் செய்தார். என் கையெழுத்து அவருக்குத் தெரியும்.

"பாப்பா, இது கடிதமா, இன்ஸ்பெக்ஷன் ரிப்போர்ட்டா?"

"உள்ளதுதான் எழுதியிருக்கேன் அங்கிள்."

"உள்ளது யாருக்கு வேணும்? மனஸ்தாபம் எங்க? 'என் மகளைக் கர்த்தருக்குள் வளர்க்கத் தவறினேன்'னு ஒரு வரி போடு. ஒத்த வரி. அம்புட்டுதான்."

இரண்டாவது பிரதியில், 'என் மகள் என் பேச்சைக் கேட்கவில்லை' என்று எழுதினேன். அது உண்மை. அதுவும் திரும்பி வந்தது. "பிள்ள கேக்கலன்னா அது பிள்ள தப்பு. பெத்தவ தப்பு எங்க இருக்கு இதுல?" என்று கேட்டிருக்கிறார். சரியான கேள்வி. அதைத்தான் நானும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

மூன்றாவது முறை அம்மா தாளைக் கொண்டுவந்தபோது நான் எழுத மாட்டேன் என்றேன்.

"ஏன்?"

"பொய்ம்மா. நீ என்னய ஒழுங்காத்தான் வளத்த. அந்த வரிய நான் எழுத மாட்டேன்."

"பதினோரு மாசமாச்சு பாப்பா. என் வயசுல எத்தன முதல் ஞாயிறு இன்னும் இருக்கும்னு நினைக்க?"

"அதுக்காக? அந்த ஆளு சொல்லுற வரிய நான் எழுதணுமா?"

அம்மா என்னைப் பார்த்தாள். குரலைக் கூட்டாமல் சொன்னாள். "செத்துப்போன மூணு பொம்பளைக்கும் கவனக்குறைவுன்னு அந்த ஆளு சொல்லித்தான எழுதுன? அப்ப கை வலிக்கல. ஆத்தாளுக்கு எழுதத்தான் வலிக்குதாக்கும்."

அறிக்கையைப் பற்றி நான் அவளிடம் சொன்னதே இல்லை. இறந்தவர்களில் ஒருத்தியின் அக்கா அம்மாவோடு திரி வெட்டியவள். அந்தக் கட்டத்தில் என்ன எழுதியிருந்தது என்பதும், எழுதியது யார் என்பதும் வேனில் போகும் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. அம்மா எட்டு வருடம் அதை வைத்துக்கொண்டு, சாப்டியா என்று மட்டும் கேட்டிருக்கிறாள். அந்த அறிக்கை இன்னும் ஏதோ ஒரு கோப்பில் என் கையெழுத்தோடு இருக்கிறது. அதற்கு நான் இதுவரை எதுவும் செய்யவில்லை.

தாளை இழுத்து அந்த வரியை எழுதினேன். என் மகளைக் கர்த்தருக்குள் வளர்க்கத் தவறினேன். தெளிவான கையெழுத்தில், நடு வரியில். கோபத்தில் எழுதினேன், அவளுக்கு வலிக்கட்டும் என்றுகூட எழுதினேன்.

கடிதம் வாசித்த ஞாயிறன்று நானும் போனேன். பெயர் ஏட்டில் இல்லாதவள் உள்ளே உட்காரக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தேன். குருவானவர் வந்து ஒரு வருடம் ஆகியிருக்கும், இளையவர். அம்மாவை அழைக்கும்போது தலையைக் குனிந்துகொண்டார். அம்மா முன்னால் போய் நின்று, பிள்ளைகளுக்குக் கதை சொல்லும் அதே குரலில், நிறுத்தி நிறுத்தி வாசித்தாள். அந்த வரி வந்தபோது அவள் தடுமாறவில்லை. வாசித்தாள். பின்னாலிருந்து ஒருவர் "ஸ்தோத்திரம்" என்றார். என் பல் நறநறத்தது எனக்கே கேட்டது. திரும்பி வந்து உட்கார்ந்தாள். தாளை நான்காக மடித்து வேதப் புத்தகத்துக்குள் வைத்தாள்.

அதன் பிறகு திருவிருந்து. முதல் வரிசை போனது, இரண்டாவது போனது. எங்கள் வரிசை எழுந்தது. அம்மா எழுந்திருக்கவில்லை.

"அம்மா, போ" என்றேன் மெதுவாக.

அவள் தலையை அசைத்தாள். உள்ளே இருந்த பெண், "டீச்சர், இன்னைக்கு நீங்களும்தான்" என்று தோளைத் தொட்டார். அம்மா காலைத் திருப்பி அவருக்கு வழி விட்டாள். அங்கே அப்பத் தட்டோடு நின்ற குருவானவர் எங்கள் வரிசையைப் பார்த்தார். செயலாளரும் பார்த்தார். பதினோரு மாதம் கேட்டுக்கொண்டே இருந்ததை அன்று வாங்கிவிட்டு, வாங்கிய இடத்திலேயே அவள் உட்கார்ந்திருந்தாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவளைப் பிடித்து உலுக்கியிருப்பேன்.

வெளியே வந்து வண்டியை நிறுத்தியிருந்த இடத்தில் கேட்டேன். "எதுக்கும்மா என்னய எழுதவச்ச? எதுக்கு அம்புட்டுப் பேர் முன்னால வாசிச்ச? எடுக்காம வரவா?"

"கைல இருக்கும்போது கடுதாசியா இருந்துச்சு. அங்க நின்னு வாசிக்கயில பொய்யாப் போச்சு" என்றாள். "பொய் சொன்ன வாயோட எப்படிப் போயி அதத் திம்பேன்? தகுதியில்லாம எடுத்தா அதுக்கும் கணக்கு இருக்கு. இவுக விட்டாலும் அவரு விடமாட்டாரு."

"அப்ப அது முன்னாலயே தெரியலையா உனக்கு?"

"தெரிஞ்சிருக்கணும். ஆசை கண்ண மறைச்சிருச்சு." பிறகு, "உன்னய அந்தப் பேச்சு பேசியிருக்கக் கூடாது" என்றாள்.

"பேசுனது சரிதான்."

"சரிதான். ஆனா எழுதவைக்கப் பேசுனது தப்பு." சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "வாசிச்ச கடுதாசிய வாபஸ் வாங்க முடியுமா? உங்க ஆபீஸ்ல உண்டா அப்படி?"

"உண்டு."

"அப்ப எழுது. இந்தத் தடவ உள்ளத எழுது. அதே வரிய எடுத்து எழுதி, இது உண்மையில்லன்னு எழுது. அவ எம்பேச்சக் கேக்கலன்னும் எழுது, அதயும் மறைக்காத."

வண்டி இருக்கையின் மேல் தாளை வைத்து எழுதினேன். ஆறு வரி. இரண்டு பிரதி. அம்மா இரண்டிலும் கையெழுத்துப் போட்டாள்.

கோயிலின் பக்கத்து அறையில் செயலாளர் மட்டும் இருந்தார். அம்மா தாளை நீட்டினாள். வாசித்துவிட்டு நிமிர்ந்தார்.

"என்ன டீச்சரம்மா இது? அதான் உள்ள சேத்தாச்சே. எடுத்துக்கிட்டுப் போக வேண்டியதுதான?"

"பொய் சொல்லிட்டு எடுக்க முடியல அண்ணாச்சி."

"அட, அது சும்மா ஒரு ஃபார்மாலிட்டி."

"யாருகிட்ட அண்ணாச்சி ஃபார்மாலிட்டி? அங்கன நின்னது உங்க முன்னாலயா, அவரு முன்னாலயா?"

அவர் என்னைப் பார்த்தார். "எல்லாம் பாப்பா வேலையா?"

"எழுதினது நான். சொன்னது அவங்க" என்றேன். "போன கடிதமும் அப்படித்தான் அங்கிள். எழுதினது நான், சொன்னது நீங்க."

அவர் முகம் சுருங்கியது. "வாபஸ்னா திருவிருந்தும் இல்ல, கிளாஸும் இல்ல. தெரிஞ்சுதான் குடுக்கீகளா?"

"தெரியும்" என்றாள் அம்மா. அந்த ஒரு சொல்லில்தான் அவள் குரல் உடைந்தது. அதை அவரும் கேட்டார். ஆனால் அவள் கையை நீட்டித் தாளைத் திரும்ப வாங்கவில்லை. வெளியே நடந்துவிட்டாள்.

நான் நின்றேன். இரண்டாவது பிரதியை அவர் மேசையில் வைத்தேன்.

"இதுல பெற்றுக்கொண்டேன்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க."

"இதுக்கெல்லாம் எதுக்கும்மா..."

"போடுங்க அங்கிள். நான் நிக்கேன்."

ஜெபமில்லை, கெஞ்சலில்லை, சத்தமுமில்லை; நின்றேன். அவர் சட்டைப் பையைத் தடவினார், மேசை இழுப்பறையைத் திறந்தார், கடைசியில் என் பேனாவை நான் நீட்டினேன். கையெழுத்துப் போட்டார்.

"தேதியும் போடணும்" என்றேன். "கீழே பெயரையும்."

போட்டார். சரிபார்த்து வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். அம்மா வண்டியின் பக்கத்தில், வெயிலில், தலையில் முக்காட்டோடு நின்றிருந்தாள்.

"வாங்கிட்டியா?"

"வாங்கிட்டேன்."

"சரி, வண்டிய எடு" என்றாள்.